காசு போட்டதற்கு எது சாட்சி?

இல்மனைட் மணலுக்குப் பெயர்போன புல்மோட்டையில் ஒருவர் தன்னிடமுள்ள 200 யூ.எஸ்.டி.டி. கிரிப்டோ நாணயத்தை விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் கொழும்பில். முன்பின் அறிமுகம் இல்லை. பொடியன்கள் ‘பீ டு பீ’ என்று சொல்லும் வியாபாரம் இது. பைனான்ஸ் போன்ற தளம் அந்த 200ஐயும் தன்னிடம் பூட்டி வைத்துக்கொள்ளும். ரூபாய் மட்டும் தளத்துக்கு வெளியே, வங்கிக்கு வங்கி போக வேண்டும். குறித்த நேரத்துக்குள், பெரும்பாலும் 15 நிமிடத்துக்குள், வாங்குபவர் ‘காசு போட்டாச்சு’ என்று பொத்தானை அழுத்துகிறார். விற்பவர் கணக்கைத் திறந்து பார்க்கிறார். காசு வரவில்லை.

பிணக்கு தளத்தின் நடுவரிடம் போகிறது. கிரிப்டோ அவர் கையிலேயே இருக்கிறது. ரூபாய் எங்கே என்று பார்க்க அவருக்கு வழியே இல்லை. இரண்டு வங்கிகளுக்குள்ளும் எட்டிப்பார்க்க முடியாத அவர், இருவரும் காட்டுவதை வைத்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

முதலில் வந்து விழுவது ஸ்கிரீன்ஷாட். அதற்கு ஒரு மதிப்பும் இல்லை என்பேன். கணினியில் திறந்த வங்கிப் பக்கத்தின் எழுத்தை பிரவுசருக்குள்ளேயே மாற்றி, ‘வெற்றி’ என்று காட்டிப் படம் எடுக்கலாம், ஃபோட்டோஷாப்கூடத் தேவையில்லை. வங்கியின் பெயரில் வரும் குறுஞ்செய்தியையும் போலியாக அனுப்பலாம். அதனால்தான் நடுவர்கள் லொகின் செய்வதிலிருந்து கணக்கு விவரம்வரை காணொளியாகப் பதிவு செய்து அனுப்பக் கேட்கிறார்கள். அதில் ஏமாற்றுவது கடினம், ஆனால் முடியாததல்ல.

பொய்யே இல்லாத பிணக்கும் உண்டு. இலங்கை வங்கிகளுக்கிடையே காசு அனுப்ப 2015இல் வந்த செஃப்ட்ஸ் முறை வழியாகப் போட்டால் காசு உடனே சேரும். ஸ்லிப்ஸ் என்ற மற்ற முறை வழியாகப் போனால் தொகுதியாகச் சேர்த்துத்தான் அனுப்புவார்கள். நேரம் தப்பினால் அடுத்த வேலை நாள். இருவரும் உண்மையே சொல்கிறார்கள், ஆனாலும் சண்டை.

காசு உண்மையிலேயே வந்து சேர்வதுதான் சிலவேளை பெரிய ஆபத்து. மோசடிக்காரன் வேறொருவரை ஏமாற்றி, அவரைக் கொண்டே உங்கள் கணக்குக்குக் காசு போடவைப்பான். நீங்கள் கிரிப்டோவை விடுவித்துவிடுவீர்கள். ஏமாந்தவர் பொலிஸுக்குப் போனால் முடங்குவது உங்கள் கணக்கு. அனுப்பியவர் பெயரும் தளத்தில் பதிந்த பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற விதி இதற்காகத்தான். இந்தியாவில் இப்படிக் கணக்குகள் முடங்குவது பெருகியபோது, தொகையைக் குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் முடக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் சொன்னது. அது இலங்கையைக் கட்டுப்படுத்தாது.

வங்கி இணையத்தளத்தில் பூட்டுச் சின்னம் இருக்கிறதே, அது சாட்சி ஆகாதா? ஆகாது. அந்தச் சின்னம் குறிக்கும் மறைகுறி இணைப்பில் வங்கியும் வாடிக்கையாளரும் ஒரே இரகசியச் சாவிகளைப் பகிர்ந்துகொள்கிறார்கள். வங்கி எழுதியதாகத் தோன்றும் எதையும் வாடிக்கையாளரே எழுதியிருக்க முடியும். வந்த பக்கம் உண்மையானது என்று அவருக்கு மட்டும் தெரியும். மூன்றாம் ஆளுக்கு அதை நிரூபிக்க முடியாது.

இந்த ஓட்டையை அடைக்க, பிட்கொயின் ஆர்வலர்கள் 2013இல் ‘டிஎல்எஸ்நோட்டரி’ என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். சாவியின் ஒரு பகுதியை நடுவர் வைத்திருப்பார். வாடிக்கையாளர் வங்கியிலிருந்து வந்த மறைகுறிப் பக்கத்துக்கு முத்திரை வைத்துக் கொடுத்த பிறகே அந்தப் பகுதி அவர் கைக்கு வரும். அதன்பின் திருத்த இடமில்லை. கடவுச்சொல்லும் நடுவருக்குத் தெரியவராது. கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனால் முதல் வடிவம் பழைய இணைப்பு முறைகளை நம்பியிருந்தது. புதியவற்றுக்காக வேறு கணித வழிக்கு மாறவேண்டி வந்தது. பெரிய தளங்கள் இன்றும் காணொளியைத்தான் கேட்கின்றன.

மிச்சமிருப்பது வங்கியே முத்திரையிட்டுத் தரும் கணக்கறிக்கை. இலங்கையில் சிக்கல் அங்கேதான். கிரிப்டோ நடத்த எவருக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று மத்திய வங்கி 2018, 2021, 2022 ஆண்டுகளில் எச்சரித்தது. 2021ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் செலாவணிப் பணிப்புரைப்படி கடன் அட்டை, டெபிட் அட்டை எதையும் இதற்குப் பயன்படுத்த முடியாது. ஆகவே வியாபாரம் செய்பவர் வங்கிக் கவுண்டரில் நின்று விஷயத்தைச் சொல்லத் தயங்குவார். காசு அனுப்பும்போது குறிப்புப் பகுதியில் கிரிப்டோ என்று எழுதாதே என்று தளமும் சொல்லிவைத்திருக்கும். சிலர் ‘கடன்’ என்றே எழுதிவிடுகிறார்கள். வழக்கு என்று வந்தால் அவர்கள் எழுதியதே அவர்களுக்கு எதிராக நிற்கும். குறிப்பில் தளத்தின் ஓடர் இலக்கத்தை மட்டும் போட்டு, பேச்சை வாட்ஸ்அப்புக்குக் கொண்டுபோகாமல் தளத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டால், நடுவர் இரண்டையும் பொருத்திப் பார்க்கவாவது முடியும்.