பாலர் பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் அறிய வேண்டியவை

புதிய ஆண்டு பிறந்து பாலர் பாடசாலைகள் திறக்கப்படும் நாட்களில் செங்கலடிச் சந்தியின் கடைத்தெருவுக்குத் தனியான களை வந்துவிடுகின்றது. பேராதனையிலிருந்து பதுளை ஊடாக வரும் பெருந்தெரு மட்டக்களப்பு வீதியுடன் வந்து சேருமிடம் இது. பதுளை வீதியோரத்துக் கிராமங்களிலிருந்து வரும் தாய்மாரும், அயலூரான ஏறாவூரிலிருந்து வரும் தாய்மாரும் ஒரே கடைகளில் சின்னஞ்சிறு சப்பாத்துக்களையும் புத்தகப்பைகளையும் தண்ணீர்ப் போத்தல்களையும் விலை பேசிக்கொண்டிருப்பர். பிள்ளையைவிடப் பை பெரிதாக இருப்பதும், கரிபூசாத புதுச் சட்டிபோல் எல்லாம் பளபளப்பதும் இந்நாட்களுக்கே உரிய காட்சிகள்.

ஆண்டுத் தொடக்கத்தில் நடைபெறும் பெற்றோர் கூட்டங்களில் பெரும்பாலும் கட்டணம், சீருடை, விளையாட்டுப் போட்டித் திகதி என்பனவே பேசப்படுகின்றன. அவை வேண்டாம் என்பது எமது கருத்தன்று. எனினும் ஒரு பிள்ளையின் அடுத்த பத்து ஆண்டுகளைத் தீர்மானிக்கக்கூடிய வேறு சில விடயங்கள் கேட்கப்படாமலும் சொல்லப்படாமலும் போய்விடுகின்றன. அவற்றையே இங்கு எடுத்து நோக்குகின்றோம்.

முதலில் ஓர் அடிப்படை உண்மை. 1945ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் நடைமுறையிலிருக்கும் இலவசக் கல்வி, தரம் ஒன்றிலிருந்தே தொடங்குகின்றது. பாலர் பாடசாலை அதற்குள் அடங்குவதில்லை. அது மாகாண சபைகளின் பொறுப்பிலுள்ள துறை. உள்ளூராட்சி மன்றம், ஆலயம், பள்ளிவாசல், தேவாலயம், கிராம அபிவிருத்திச் சங்கம், தனியார் எனப் பலரும் இவற்றை நடத்துகின்றனர். எமது மாகாணத்தில் இவற்றைப் பதிவுசெய்து மேற்பார்வை செய்யும் பொறுப்பு கிழக்கு மாகாண முன்பள்ளிக் கல்விப் பணியகத்தினுடையது. ஆகவே பெற்றோர் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "இந்த முன்பள்ளி பதிவு செய்யப்பட்டதா, ஆசிரியை பயிற்சி பெற்றவரா?" என்பதாகும். சீருடையின் நிறத்தைக் கேட்பது அதற்குப் பின்னர் இருக்கட்டும்.

கட்டாயக் கல்விக்கான வயதெல்லை 5 முதல் 14 வரை என்றிருந்தது, 2016ஆம் ஆண்டில் 16 வரை உயர்த்தப்பட்டது. அதன் கீழெல்லை ஐந்தேயன்றி மூன்று அன்று. அதாவது, முன்பள்ளிக்குச் செல்லாத பிள்ளைக்குத் தரம் ஒன்றின் கதவு மூடப்படுவதில்லை. வறுமை காரணமாகப் பிள்ளையை முன்பள்ளிக்கு அனுப்ப இயலாத தாய் ஒருத்தி, பிள்ளையின் எதிர்காலமே போய்விட்டதென்று கலங்க வேண்டியதில்லை. முன்பள்ளி நன்மை தருவது என்பது வேறு, அது இல்லாவிட்டால் வழியில்லை என்பது வேறு.

வயதுக் கணக்கிலும் பெருங் குழப்பம் நிலவுகின்றது. தரம் ஒன்றில் சேரும் ஆண்டின் ஜனவரி 31ஆந் திகதியன்று பிள்ளைக்கு ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்பது விதி. 2022 ஜனவரி 31இல் பிறந்த பிள்ளை 2027இல் தரம் ஒன்றுக்குச் செல்லலாம். மறுநாள், பெப்ரவரி முதலாந் திகதி பிறந்த பிள்ளை 2028 வரை காத்திருக்க வேண்டும். ஒரு நாள் வித்தியாசத்தில் ஓர் ஆண்டு. இதனை அறியாத பெற்றோர், மூன்று வயது நிரம்புமுன்னரே பெப்ரவரிப் பிள்ளையை முன்பள்ளியில் சேர்த்துவிட்டு, மூன்றாவது ஆண்டும் அதே பாட்டையும் அதே படத்தையும் கண்டு பிள்ளை சலித்துப்போகும்போது ஆசிரியையைக் குறைகூறுகின்றனர். தரம் ஒன்றின் ஆண்டை முதலில் கண்டுபிடித்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி முன்பள்ளிச் சேர்க்கையைத் தீர்மானிப்பதே சரியான முறை. தரம் ஒன்றுக்கான விண்ணப்பங்கள் முந்திய ஆண்டிலேயே கோரப்படுகின்றன என்பதையும், அதற்குப் பிறப்புச் சான்றிதழும் வதிவிடத்தை உறுதிப்படுத்தும் வாக்காளர் இடாப்பு முதலிய ஆவணங்களும் வேண்டும் என்பதையும் இப்போதே மனதிற் கொள்ளல் நலம். யுத்தமும் 2004 ஆழிப்பேரலையும் பல குடும்பங்களின் பத்திரங்களை அள்ளிச் சென்ற பிரதேசம் இது. பெற்றோரின் பழைய பத்திரங்களில் குறையிருப்பின் அதனைச் சரிசெய்வதற்கு மாதங்கள் பிடிக்கும்.

இனி, எம்மைப் பொறுத்தவரை இவ்விடயத்தில் மிக முக்கியமான பகுதிக்கு வருகின்றோம். "எங்கள் முன்பள்ளியில் நான்கு வயதிலேயே எழுத வாசிக்கப் பழக்குகின்றோம்" என்ற விளம்பரம் இன்று பெற்றோரை ஈர்க்கும் தூண்டிலாகிவிட்டது. தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் முன்பள்ளி வரை நீண்டு விழுந்திருப்பதன் விளைவு இது. வீட்டுக்கு எழுத்துவேலை தராத ஆசிரியை ஒன்றுங் கற்பிக்காதவர் என்று பெயர் வாங்குகின்றார். கொப்பி நிறைய எழுதுவிப்பவரோ கெட்டிக்காரர் ஆகின்றார்.

உண்மை இதற்கு எதிரானது. மனிதரின் மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் உள்ளன. மூன்று, நான்கு வயதுப் பிள்ளையின் மணிக்கட்டில் அவற்றுள் ஏறத்தாழப் பாதியளவே எலும்பாக இறுகத் தொடங்கியிருக்கும். எஞ்சியவை இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். அந்தக் கையில் பென்சிலைத் திணித்து 'அ'னாவை நூறு முறை எழுதுவிப்பதனால் விளைவது கைவலியும் எழுத்தின் மீதான வெறுப்புமேயாகும். அந்த வயதில் கைக்கு வேண்டியது வேறு பயிற்சி. களிமண் பிசைதல், வாவிக்கரைச் சிப்பிகளை நிரைப்படுத்தல், பூக்கோத்தல், கடதாசி கிழித்து ஒட்டுதல், அம்மாவுக்கு அருகிலிருந்து பயற்றங்காய் உடைத்தல், அரிசியிற் கல் பொறுக்குதல் ஆகிய யாவும் விரல்களுக்கு எழுத்தைக் கற்பிப்பனவே. இவற்றுக்குக் கட்டணம் கிடையாது என்பதனாற் போலும் இவற்றைக் கல்வியென்று எவரும் மதிப்பதில்லை.

1999ஆம் ஆண்டு நாடளாவிய ரீதியில் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், தரம் ஒன்றையும் இரண்டையும் முதலாம் முதன்மை நிலை என வகுத்து, அங்குகூட விளையாட்டுக்கே முதன்மை கொடுத்தது. செயற்பாடும் எழுத்துமேசை வேலையும் அதன் பின்னரே வருகின்றன. தரம் ஒன்றில் காலடி வைக்கும் பிள்ளையை முதலில் இனங்காணும் செயற்பாடுகளில் ஈடுபடுத்தி, அப்பிள்ளையின் ஆற்றலையும் தேவையையும் அறிந்த பின்னரே முறையான கற்பித்தல் தொடங்க வேண்டுமென்பதும் அதன் ஏற்பாடாகும். ஐந்து வயதில் அரசாங்கப் பாடசாலை விளையாடக் கற்பிக்க, மூன்று வயதில் முன்பள்ளி பரீட்சைக்குத் தயார்படுத்துவது எத்தகைய தலைகீழ் நிலை! மரியா மொண்டிசோரி அம்மையார் 1944ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி நெறி நடத்திச் சென்றார். அவரது பெயரைப் பலகையில் எழுதிவைத்துக்கொண்டு, பிள்ளைகளைக் கதிரையோடு கட்டிப்போட்டாற்போல் அமர்த்தியிருக்கும் நிலையங்களை நாம் இன்றுங் காண்கின்றோம்.

ஏறாவூர் போன்ற முஸ்லிம் பிரதேசத்துப் பிள்ளைகளுக்கு இச்சுமை இன்னும் ஒரு மடங்கு அதிகம். காலையில் முன்பள்ளியில் தமிழ் எழுத்தும் ஆங்கில எழுத்தும் இடமிருந்து வலமாக; மாலையில் குர்ஆன் மத்ரஸாவில் அரபு எழுத்து வலமிருந்து இடமாக; இடையிலே சிங்களமும் அவசியம் என்று ஒரு கொப்பி. நான்கு வயதில் நான்கு வரிவடிவங்கள். பிள்ளை எழுத்தைத் திருப்பி எழுதினால் உடனே அடியும் ஏச்சும் விழுகின்றன. ஆறேழு வயது வரை எழுத்துக்களைக் கண்ணாடியிற் பார்ப்பதுபோல் திருப்பி எழுதுவது பெரும்பாலான பிள்ளைகளிடம் காணப்படும் இயல்பு, அது குறைபாடன்று. செவிவழிக் கற்றல் இவ்வயதுக்கு மிகவும் உகந்தது. சிறு சூறாக்களை ஓதக் கேட்டு ஓதுவதும், தேவாரத்தைப் பாடக் கேட்டுப் பாடுவதும் எமது முன்னோர் நன்கறிந்திருந்த முறை. ஓதலும் பாடலும் நடக்கட்டும். எழுத்து சிறிது பொறுத்து வரட்டும். விஜயதசமியன்று ஏடு தொடக்கிய வீட்டில் அடுத்த நாளே கொப்பி நிரம்ப வேண்டுமென்று பழைய தலைமுறை எதிர்பார்த்ததில்லை.

முஸ்லிம் பெற்றோர் கவனிக்க வேண்டிய இன்னொன்று நாட்காட்டி. ரமழான் மாதம் ஆண்டுதோறும் சுமார் 11 நாட்கள் முன்னகர்ந்து வருவதால், இப்போது அது முதலாந் தவணைக்குள் வந்துவிட்டது. 2026இல் பெப்ரவரி நடுப்பகுதியின் பின் தொடங்கிய நோன்பு, 2030இல் ஜனவரியிலும் மீண்டும் டிசம்பரிலுமாக இருமுறை வரும். முன்பள்ளிக்குப் புதிதாக வந்த பிள்ளை, அழுகை ஓய்ந்து பழகிவருகையில் நீண்ட விடுமுறை குறுக்கிடுகின்றது. பெருநாளின் பின் திரும்பிவரும் அப்பிள்ளை மீண்டும் முதல்நாட் பிள்ளையாகவே அழும். அதற்குப் பெற்றோர் பதற வேண்டியதில்லை. முதல்நாளைப் போலவே சில நாட்கள் குறைந்த நேரம் இருத்தி, சொன்ன நேரத்துக்குத் தவறாமல் வந்து அழைத்துச் சென்றால் போதும். பிள்ளைக்குத் தெரியாமல் நழுவி ஓடும் பழக்கத்தை மட்டும் இரு சமூகத்துத் தாய்மாரும் கைவிட வேண்டும். சொல்லிவிட்டுப் போனால் பிள்ளை ஐந்து நிமிடம் அழும். சொல்லாமற் போனால் நாளெல்லாம் வாசலையே பார்த்திருக்கும்.

அடுத்தது உடல்நலம். சேர்க்கையின்போது பிறப்புச் சான்றிதழுடன் சிறுவர் சுகாதார விருத்திப் பதிவேட்டையும் கேட்டுப் பார்ப்பது நல்ல முன்பள்ளிக்கு அடையாளம். சின்னமுத்து, கூவைக்கட்டு, ருபெல்லா ஆகியவற்றுக்கான தடுப்பூசி 9 மாதத்தில் ஒரு முறையும் 3 வயதில் மறுமுறையும் ஏற்றப்படுகின்றது. பிள்ளை முன்பள்ளிக்குப் போகும் வயதும் இரண்டாவது ஊசிக்குரிய வயதும் ஒன்றாயிருப்பது கவனிக்கத்தக்கது. ஐந்து வயதில் ஏற்பு வலி, தொண்டைக்கரப்பான் ஆகியவற்றுக்கான ஊசியும் போலியோ சொட்டு மருந்தும் உண்டு. இலங்கை 2019இல் சின்னமுத்தை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டு, 2023இல் அந்நோய் மீண்டும் பரவக் கண்டது. ஊசி தவறிய பிள்ளைகள் இருக்குமிடத்திலேயே நோய் வேர்கொள்கின்றது. "அம்மாள் வந்திருக்கின்றாள்" என்று வேப்பிலை கட்டும் வீடாயினும், ஊசி ஏற்றும் நாளைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டறிவதில் எந்தத் தெய்வக் குற்றமும் இல்லை.

காலை உணவு பற்றியும் ஒரு வார்த்தை. அரசாங்கத்தின் முன்பள்ளி உணவுத் திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு 60 ரூபாவாக இருந்த ஒதுக்கீடு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 100 ரூபாவாக உயர்த்தப்பட்டது. தங்கள் முன்பள்ளி அத்திட்டத்தில் உள்ளதா என்று பெற்றோர் கேட்க உரிமையுண்டு. இல்லாதவிடத்து அவித்த பயறு, கௌபி, கடலை, பிட்டு, வாழைப்பழம் என்பன பக்கற்றில் அடைத்த எதனையும்விட மலிவானவை, சத்தானவை. இரு சமூகப் பிள்ளைகளும் அருகருகே இருந்து உண்ணும் இடங்களில், வெள்ளிக்கிழமைச் சைவத்தையும் ஹலாலையும் ஆசிரியை முன்கூட்டியே அறிந்திருத்தல் பல மனக்கசப்புகளைத் தவிர்க்கும். பயற்றுக்கும் கடலைக்கும் இவ்விரு சிக்கல்களும் இல்லை.

பிள்ளையை யார் அழைத்துச் செல்வது என்ற கேள்வி எமது பிரதேசத்தில் சாதாரணமானதன்று. தாயோ தந்தையோ மத்திய கிழக்கில் தொழில்புரிய, அம்மம்மாவின் அல்லது உம்மம்மாவின் கையில் வளரும் பிள்ளைகள் ஏராளம். அத்தகைய பிள்ளையின் பொறுப்பாளர் யார், அவரால் வரமுடியாத நாளில் வருபவர் யார் என்பதனைப் பெயர், தொலைபேசி இலக்கத்துடன் ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். பெயரில் இல்லாத ஒருவர், தெரிந்த முச்சக்கரவண்டிச் சாரதியேயாயினும், வந்து கேட்டால் ஆசிரியை மறுக்க வேண்டும். மறுத்த ஆசிரியையைப் பெற்றோர் கோபிக்கக் கூடாது. வெளிநாட்டிலுள்ள தாயின் கைபேசிக்குப் பிள்ளையின் வரைபடம் ஒன்றை மாதமொருமுறை அனுப்பிவைப்பது ஆசிரியைக்குச் சிறு வேலை. அந்தத் தாய்க்கு அது எவ்வளவு பெரிது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

வட மாகாணத்தைப் போலவே கிழக்கிலும் பள்ளி ஆண்டு மாரி மழையுடனேயே தொடங்குகின்றது. 2011 ஜனவரியில் மட்டக்களப்பு மாவட்டம் வெள்ளக்காடாகிப் பாடசாலைகள் இடம்பெயர்ந்தோர் முகாம்களான நிலையை யாரும் மறந்திருக்க முடியாது. 2025 நவம்பர் இறுதியில் வந்த 'டித்வா' புயலும் நாடெங்கும் பாடசாலைகளை வாரக்கணக்கில் மூடவைத்தது. ஆகவே முன்பள்ளி வளவிலுள்ள கிணற்றுக்குக் கட்டும் மூடியும் உண்டா, வேலி வாய்க்காற் பக்கம் அறுந்து கிடக்கின்றதா, மழைநீர் தேங்கி நுளம்பு பெருகும் சிரட்டையும் ரயரும் கிடக்கின்றனவா என்பவற்றைப் பெற்றோரே ஒருமுறை சுற்றிப் பார்ப்பது நன்று. குறை காணப்பட்டால் ஒரு சனிக்கிழமை நான்கு தகப்பன்மார் மண்வெட்டியுடன் வந்தால் தீரக்கூடியவையே அவற்றுட் பெரும்பாலானவை.

கடைசியாகப் பணம். ஆண்டிறுதியில் நடக்கும் விடுகை விழாவுக்குப் பட்டதாரிகளைப் போல் கறுப்பு அங்கியும் தொப்பியும் அணிவித்து, அதற்கென ஆயிரக்கணக்கில் அறவிடும் வழக்கம் பரவி வருகின்றது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் அருகிலேயே இருக்கின்றது. அந்த அங்கியை அங்கு போய் அணிவதற்குப் பிள்ளைக்கு இன்னும் காலமுண்டு. அதேவேளை, ஆசிரியைக்குக் கிடைக்கும் மாதாந்தக் கொடுப்பனவு ஒரு கூலித் தொழிலாளியின் சில நாள் சம்பளத்துக்கும் ஈடாகாதது. மாதக் கட்டணத்தை நிலுவையில் வைத்துவிட்டு விழாவுக்கு மாத்திரம் தாராளமாகச் செலவிடும் பெற்றோரிடமே இதனைக் குறிப்பிட்டுச் சொல்கின்றோம். விழாச் செலவுக்கு உச்சவரம்பையும், கட்டணம் செலுத்தும் திகதியையும் ஜனவரிக் கூட்டத்திலேயே எழுத்தில் தீர்மானித்துக் கூட்டக் குறிப்பேட்டில் ஒப்பமிட்டுவிடலாம்.