ஆய்வுக்கூட எலிக்கும் ஒப்புதல் வேண்டும்: பல்கலைக்கழகப் பிள்ளைகளும் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டியவை

வீட்டில் எலித் தொல்லை என்றால் பொறி வைக்கிறோம், அல்லது கடையில் மருந்து வாங்கி வைக்கிறோம். யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. அதே எலி ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தின் கூண்டில் இருந்தால் கதை வேறு. அதற்கு ஓர் ஊசி போடுவதற்கு முன்பே எத்தனை எலி, எதற்காக, எவ்வளவு வலி, கடைசியில் அது என்ன ஆகும் என்று எழுதிக் கொடுத்து ஒரு குழுவின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும்.

உயிர் மருத்துவம், மருந்தியல், கால்நடை மருத்துவம் போன்ற துறைகளில் நம் பிள்ளைகளும் படிக்கிறார்கள். இறுதியாண்டிலோ முதுகலைப் படிப்பிலோ, "எத்திக்ஸ் இன்னும் கிடைக்கவில்லை, ஆய்வைத் தொடங்க முடியவில்லை" என்று வீட்டுக்குப் போன் செய்து சொல்வார்கள். அது என்னவென்று பெற்றோர் பலருக்குப் புரிவதில்லை. ஆனால் படிப்பு ஒரு செமஸ்டர் நீண்டால் கட்டணமும் அறை வாடகையும் குடும்பத்தின் தலையில்தான் விழும். அதனால் இந்த ஒப்புதல் எப்படிக் கிடைக்கிறது, கிடைத்தபின் அதை எப்படிக் காப்பாற்றுவது என்பதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் 1953ஆம் ஆண்டு விலங்குகள் சட்டம்தான் நீண்டகாலம் நடைமுறையில் இருந்தது. விலங்கைக் கொடுமைப்படுத்தினால் அதன்கீழ் பல ஆண்டுகளாக இருந்த அதிகபட்ச அபராதம் வெறும் 200 ரிங்கிட். ஆய்வுக்கூட விலங்குகளுக்கென்று தனி உரிம முறை அப்போது இல்லை. 2010இல் மலாக்கா, அலோர் காஜா பகுதியில் உள்ள ரெம்பியாவில் நாய், குரங்குகளைக் கொண்டு மருந்துச் சோதனை நடத்தும் கூடம் ஒன்று அமைக்கும் திட்டம் வெளியானபோது விலங்கு நல அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. இத்தகைய சோதனையைக் கட்டுப்படுத்த நாட்டில் தனிச் சட்டம் இல்லையே என்ற கேள்வி அப்போது பலமாக எழுந்தது.

பின்னர் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், அதாவது சட்டம் 772 நிறைவேறி, 2017 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்தது. ஆய்வு, சோதனை, கற்பித்தல் ஆகியவற்றுக்கு விலங்கைப் பயன்படுத்த இப்போது உரிமம் தேவை. கொடுமைக்கான தண்டனையும் கூடியது. குறைந்தது 20,000 ரிங்கிட், அதிகபட்சம் 100,000 ரிங்கிட் அபராதம், அல்லது 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

உரிமம் வேறு, ஒப்புதல் வேறு. இந்த இரண்டையும் மாணவர்கள் குழப்பிக்கொள்ளக் கூடாது. உரிமம் சட்டப்படி பெறுவது. பல்கலைக்கழகமோ ஆய்வு நிலையமோ அதைக் கவனித்துக்கொள்ளும். ஒப்புதல் என்பது ஒவ்வோர் ஆய்வுக்கும் தனித்தனியாக வாங்குவது. அதை அந்த நிலையத்திலேயே உள்ள விலங்கு நெறிமுறைக் குழு வழங்குகிறது. புத்ரா பல்கலைக்கழகத்தில் இதை ஐஏசியுசி என்பார்கள். தேசியப் பல்கலைக்கழகத்தில் விலங்கு நெறிமுறைக் குழு என்றே பெயர். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்.

தோட்டத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

விலங்கு ஆய்வு நமக்குத் தொலைவான சங்கதி என்று நினைக்க வேண்டாம். கோலாலம்பூரில் 1900இல் தொடங்கப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகம், தோட்டத் தொழிலாளர்களைத் தாக்கிய காய்ச்சல்களைத்தான் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தது. செம்பனைத் தோட்டங்களில் லாலான் புல்லிலும் புதரிலும் வேலை செய்தவர்களைத் தாக்கிய புதர்க்காய்ச்சல் அவற்றில் ஒன்று. எலியின் உடம்பில் ஒட்டி வாழும் மிகச்சிறிய பூச்சியின் குஞ்சு கடிப்பதால் அது பரவுகிறது. 1930களில் அங்கு பணியாற்றிய லூத்வெயிட், சவூர் ஆகிய ஆய்வாளர்கள் முயல், கினிப்பன்றி போன்ற விலங்குகளில் சோதனை செய்தனர். இங்கு கண்ட காய்ச்சலும் ஜப்பானில் அறியப்பட்டிருந்த சுட்சுகமூஷிக் காய்ச்சலும் ஒன்றே என்று அதன்வழி நிறுவினர். 1948இல் குளோரம்ஃபெனிக்கால் மருந்து இந்த நோயைக் குணப்படுத்தும் என்று கோலாலம்பூரில் நோயாளிகளிடம் மெய்ப்பிக்கப்பட்டது. அதுவரை உயிரைப் பறித்துவந்த காய்ச்சலுக்கு மருந்து கிடைத்தது.

அந்த மருந்தால் பிழைத்தவர்களில் நம் முன்னோரும் உண்டு. அதே சமயம், அந்தக் காலத்தில் முயலுக்கும் கினிப்பன்றிக்கும் எவ்வளவு வலி என்று கேட்க இன்று உள்ளதுபோல் ஒரு குழு இல்லை. பயன் நமக்கு, வலி அதற்கு. இந்தக் கணக்கை யாராவது ஒருவர் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இன்றைய நடைமுறை.

மூன்று கேள்விகள்

உலகெங்கும் இத்தகைய குழுக்கள் கேட்கும் அடிப்படைக் கேள்விகள் மூன்று. பிரிட்டனைச் சேர்ந்த ரஸ்ஸல், பர்ச் என்ற இருவர் 1959இல் இவற்றை வகுத்தனர். விலங்கே இல்லாமல் இதைச் செய்ய முடியாதா? முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறைக்க முடியாதா? குறைத்தபின், வலியையாவது தணிக்க முடியாதா?

முதல் கேள்விக்கு நம் வட்டாரத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. ஊசி மருந்தில் காய்ச்சலை உண்டாக்கும் கிருமி நச்சு கலந்திருக்கிறதா என்று பார்க்க, முன்பு முயலுக்கு ஊசி போட்டுக் காய்ச்சல் வருகிறதா என்று பார்த்தார்கள். பிறகு பெலாங்காஸ் என்று நாம் சொல்லும் குதிரைலாட நண்டின் இரத்தம் முயலின் இடத்தைப் பிடித்தது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டிங் ஜெக் லிங், ஹோ போவ் ஆகியோர் அந்த இரத்தத்தில் உள்ள முக்கியப் புரதத்தை நண்டு இல்லாமலேயே ஆய்வுக்கூடத்தில் உருவாக்கும் வழியைக் கண்டனர். முயலும் வேண்டாம், நண்டும் வேண்டாம் என்ற நிலை அப்படி வந்தது.

விண்ணப்பத்தில் என்ன எழுத வேண்டும்?

பாகற்காய்ச் சாறு நீரிழிவைக் குறைக்குமா என்று ஒரு மாணவி ஆராய விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். நலமான எலிகள், நீரிழிவு உள்ள எலிகள், நீரிழிவுடன் மெட்ஃபார்மின் கொடுக்கப்படுபவை, சாறு குறைவாகக் கொடுக்கப்படுபவை, அதிகமாகக் கொடுக்கப்படுபவை என ஐந்து பிரிவு. பிரிவுக்கு 6 வீதம் 30 எலிகள்.

குழு உடனே கேட்கும்: பாகற்காயைப் பற்றி ஏற்கெனவே பலர் ஆராய்ந்துள்ளனரே, இதில் புதிதாக என்ன? சோதனைக் குழாயிலேயே முதற்கட்டத்தைச் செய்து பார்த்தீர்களா? பிரிவுக்கு ஏன் 6? அதைப் புள்ளியியல் கணக்கால் காட்ட முடியுமா? அதே விரிவுரையாளரின்கீழ் இன்னொரு மாணவரும் இதே வகைச் சோதனை செய்கிறார் என்றால், நலமான எலிகளின் பிரிவை இருவரும் பகிர்ந்துகொள்ளக் கூடாதா?

பிறகு வலி பற்றிய கேள்விகள். எலிக்கு நீரிழிவை வரவழைக்க ஸ்ட்ரெப்டோசோட்டோசின் என்ற மருந்தைச் செலுத்துவார்கள். அது கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழிக்கிறது. அழியும்போது இருப்பில் உள்ள இன்சுலின் ஒரேயடியாக வெளியேறி, இரத்தச் சர்க்கரை திடீரென்று விழுந்து எலி இறக்கலாம். அதனால் முதல் நாள் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும். நீரிழிவு வந்தபின் எலி அதிகம் குடிக்கும், அதிகம் சிறுநீர் கழிக்கும். கூண்டில் மரத்தூளை வழக்கத்தைவிட அடிக்கடி மாற்ற வேண்டும். இதையெல்லாம் யார், எந்த நாளில் செய்வார் என்று விண்ணப்பத்தில் இருக்க வேண்டும். சனி ஞாயிறுகளிலும் தீபாவளி விடுமுறையிலும் யார் வருவார் என்பதும் அதில் அடங்கும்.

இரத்தம் எடுப்பதற்கும் அளவு உண்டு. 250 கிராம் எலியின் உடலில் மொத்தமே ஏறக்குறைய 16 மில்லி லிட்டர் இரத்தம்தான். ஒரே தடவையில் அதில் 10 விழுக்காட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது பொதுவான வரம்பு. அதாவது ஒன்றரை மில்லி லிட்டர் அளவுதான்.

மிக முக்கியமான பகுதி, எந்தக் கட்டத்தில் நிறுத்துவது என்பது. எலி தானாகச் சாகும்வரை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடல் எடையில் 20 விழுக்காடு குறைந்தால், அல்லது தீனி எடுக்காமல் முதுகை வளைத்து ஒடுங்கிக் கிடந்தால், அந்த எலியைச் சோதனையிலிருந்து விலக்கி வலியில்லாமல் அதன் உயிரை முடிக்க வேண்டும் என்பதுபோல் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். எந்த முறையில் முடிப்பது, அதற்குப் பயிற்சி பெற்றவர் யார் என்பதையும் சொல்ல வேண்டும்.

குழுவில் ஒரு சாதாரண மனிதர்

இப்படிப்பட்ட குழுவில் ஆய்வாளர்கள் மட்டும் இருப்பதில்லை. கால்நடை மருத்துவர் இருப்பார். சிங்கப்பூரில் 2004 முதல் நடப்பில் உள்ள தேசிய வழிகாட்டிப்படி, விஞ்ஞானி அல்லாத ஒருவரும், அந்த நிலையத்துடன் எந்தத் தொடர்பும் இல்லாத வெளியார் ஒருவரும் கட்டாயம் இடம்பெற வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர், வழக்கறிஞர், சமூகப் பணியாளர் என்று யாராகவும் அவர் இருக்கலாம்.

எதற்காக? விஞ்ஞானிகள் ஒருவருக்கொருவர் துறை மொழியில் பேசிப் பழகியவர்கள். "மிதமான அசௌகரியம்" என்று எழுதியிருந்தால் அவர்கள் தாண்டிப் போய்விடலாம். வெளியிலிருந்து வந்தவர்தான், "அப்படி என்றால் என்ன? அது கத்துமா? எத்தனை நாள் அப்படி இருக்கும்?" என்று கேட்பார். அதற்கு எளிய மொழியில் பதில் சொல்ல முடியாத ஆய்வாளர், தம் ஆய்வைத் தாமே சரியாக யோசிக்கவில்லை என்று பொருள். பள்ளி வாரியத்திலும் கோயில் நிர்வாகத்திலும் பொறுப்பாகக் கேள்வி கேட்டுப் பழகிய நம்மவர்கள் இத்தகைய இடங்களிலும் அமரலாம். அழைப்பு வந்தால், "எனக்கு அறிவியல் தெரியாதே" என்று ஒதுங்க வேண்டியதில்லை. அறிவியல் தெரியாதவரின் கேள்விக்காகத்தான் அந்த நாற்காலியே.

ஒப்புதல் கிடைத்தபின்

பலர் தடுக்கி விழுவது இங்கேதான். ஒப்புதல் கடிதம் கைக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். கடிதத்தில் ஒரு காலாவதித் தேதி இருக்கும். அந்தத் தேதி கடந்தால், பாதியில் நிற்கும் சோதனையைக்கூடத் தொடர முடியாது. பிள்ளைகள் முதலில் குறித்துவைக்க வேண்டியது அந்தத் தேதியைத்தான்.

எழுதிக் கொடுத்ததில் எதை மாற்றினாலும், மாற்றுவதற்கு முன் திருத்த விண்ணப்பம் தர வேண்டும். 30 எலிக்கு ஒப்புதல் வாங்கி, 4 எலி இறந்துவிட்டால், கடையில் வாங்குவதுபோல் இன்னும் 4 வாங்கிச் சேர்க்க முடியாது. மொத்தம் 34 ஆகிவிடும். அதற்குக் குழு சம்மதிக்க வேண்டும். மருந்தின் அளவு, மயக்க மருந்தின் வகை, ஊசி போடும் ஆள் மாறினாலும் அப்படித்தான். உதவிக்கு நண்பரை அழைத்து எலியைப் பிடிக்கச் சொல்வதுகூட, அவர் பெயர் விண்ணப்பத்தில் இல்லாவிட்டால் விதிமீறல்.

எதிர்பாராத இறப்புகளை மறைக்காமல் உடனே அறிவிக்க வேண்டும். ஆண்டறிக்கையில் எத்தனை விலங்கு பயன்பட்டது, எத்தனை இறந்தது என்று கணக்குக் காட்ட வேண்டும். குழுவினர் விலங்குக் கூடத்தை நேரில் வந்து பார்ப்பதும் உண்டு. அமெரிக்காவில் 6 மாதத்துக்கு ஒரு முறை அது கட்டாயம். எலி துன்பப்படுவதைக் கண்டால் சோதனையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் பொறுப்புக் கால்நடை மருத்துவருக்கு வழங்கப்படுவது வழக்கம்.

கூண்டு கழுவி, தீனி வைத்து, தினமும் எலியைப் பார்ப்பவர் விலங்குக் கூடப் பணியாளர். எலி சோர்ந்து கிடப்பதை முதலில் அறிபவர் அவரே. மாணவர்கள் அவரை மதித்து, அவர் சொல்வதைக் குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். கொடுமை நடக்கிறது என்று தெரிந்தால் அவர் குழுவிடமோ கால்நடைச் சேவைத் துறையிடமோ புகார் செய்யலாம்.

ஒப்புதல் இல்லாமல் தொடங்கிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. முடிந்துபோன சோதனைக்குப் பின்தேதியிட்டு ஒப்புதல் தரமாட்டார்கள். ஆய்வேடுகள் ஒப்புதல் எண்ணைக் கேட்கின்றன. எண் இல்லாவிட்டால் கட்டுரை வெளிவராது, பட்டமும் சிக்கலில் மாட்டும். அதைவிட வருத்தமானது, அத்தனை எலிகளின் உயிரும் யாருக்கும் பயனில்லாமல் போவதுதான்.

மாணவர்கள் செய்ய வேண்டியவை

ஆய்வுத் தலைப்பு முடிவானதுமே, குழு எப்போது கூடுகிறது, விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் எது என்று விசாரியுங்கள். முதல் விண்ணப்பம் கேள்விகளோடு திரும்பி வருவது சாதாரணம். அந்தக் காலத்தையும் கணக்கில் சேருங்கள். விலங்கைக் கையாளும் பயிற்சி வகுப்பை முன்னதாகவே முடித்துவிடுங்கள். விண்ணப்பம் தயாரானதும் அறிவியல் படிக்காத ஒருவரிடம், அம்மாவிடமோ அண்ணனிடமோ, எலிக்கு என்ன நடக்கும் என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். அவர்களுக்கு விளங்கினால் குழுவுக்கும் விளங்கும்.

எலி பிள்ளையாரின் வாகனம், அதைக் கொல்ல மனம் வரவில்லை என்று தயங்கும் பிள்ளைகளும் உண்டு. அது வெட்கப்பட வேண்டிய காரணமில்லை. தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே விரிவுரையாளரிடம் சொன்னால், அணு வளர்ப்பு, கணினி ஆய்வு போன்ற வேறு வழியுள்ள தலைப்பைக் கேட்கலாம். பாதி ஆய்வில் சொன்னால்தான் சிக்கல்.

விலங்கில் ஆய்வு செய்வது சரியா, தவறா என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் செய்தே ஆக வேண்டும் என்று ஒருவர் முடிவெடுத்தால், ஒவ்வோர் உயிருக்கும் கணக்கு வைத்து, கேட்பவருக்குப் பதில் சொல்லிச் செய்ய வேண்டும். அந்தப் பொறுப்பு கடிதம் கிடைத்த நாளில் தொடங்கி, கடைசிக் கூண்டு காலியாகும் நாள்வரை நீடிக்கிறது.