தரங்கம்பாடியின் பெயரைச் சுமக்கும் நண்டு

சிங்கப்பூரில் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை. மாலை ஏழு மணி. தூரத்தில் நங்கூரமிட்டு நின்ற கப்பல்களில் ஒவ்வொன்றாக விளக்கு ஏறிக்கொண்டிருந்தது. விடுமுறைக்குப் போயிருந்த நாங்கள் நால்வரும் தண்ணீரைப் பார்த்தபடி போட்டிருந்த ஓர் உணவகத்தின் வட்ட மேசையில் போய் உட்கார்ந்தோம். கேட்பதற்கு முன்பே சின்னவனுக்கு உயர நாற்காலி வந்தது. எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு மன்னார்குடிக்காரத் தம்பி ஒருவர் உள்ளேயிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். "உட்காருங்கண்ணே. ஆனா அதுக்கு முன்னாடி வந்து நண்டைப் பாருங்க. பாத்துட்டுத்தான் சொல்லணும்."

பெட்டியில் அடுக்கியிருந்த நண்டுகள் ஒவ்வொன்றும் என் விரித்த கையைவிடப் பெரியவை. பாசியும் பழுப்பும் கலந்த நிறம். கொடுக்கு இரண்டையும் உடம்போடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கியிருந்தார்கள். "எல்லாம் ஸ்ரீலங்கா நண்டுண்ணே" என்றார் தம்பி. "எதுக்குப்பா கட்டிப் போட்டிருக்காங்க?" என்று கேட்டாள் மகள். அவளுக்கு அங்கே அரைகுறையாகச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

இது சேற்று நண்டு. பச்சை நண்டு என்றும் சொல்வார்கள். நம் வீட்டுக் குழம்புக்கு அதிகம் வரும் நீலக்கால் நண்டு கடலில் திரிவது. இதுவோ ஆறும் கடலும் கலக்கும் கழிமுகத்திலும் அலையாத்திக் காட்டுச் சேற்றிலும் வளை தோண்டி வாழ்வது. பிச்சாவரம், முத்துப்பேட்டை, பழவேற்காடு, கடலுக்கு அப்பால் மன்னார், புத்தளம், மட்டக்களப்பு என்று நம் கரைகளெங்கும் இது உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து பசிபிக் தீவுகள்வரை பரவியிருக்கிறது. நன்றாக வளர்ந்த ஆண் இரண்டு கிலோவையும் தாண்டும்.

உயிரியலில் இதன் பேரினத்துக்கு ஸில்லா என்று பெயர். கிரேக்கப் புராணத்தில் கடல் இடுக்கில் ஒளிந்திருந்து மாலுமிகளைப் பிடித்துத் தின்னும் அரக்கியின் பெயர் அது. இந்தப் பேரினத்தில் நான்கு இனங்கள் உண்டு என்று 1998-ல்தான் தெளிவாகப் பிரித்தார்கள். அதுவரை ஒன்றை மற்றொன்று என்று மாற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். நான்கில் ஒன்றின் பெயர் ஸில்லா ட்ராங்கிபாரிகா. ட்ராங்கிபார் வேறெதுவும் இல்லை, நம் தரங்கம்பாடிதான். அந்த ஊர் டேனியர் வசம் இருந்த காலத்தில், லின்னேயஸின் மாணவரான ஃபப்ரீசியஸ் 1798-ல் வைத்த பெயர். உலகத்தில் எந்த ஆய்வுக்கூடத்தில் இந்த இனத்தைப் பற்றி எழுதினாலும் நம் கடற்கரை ஊர் ஒன்றின் பெயரை எழுதித்தான் ஆகவேண்டும். அதைப் படித்த அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

கட்டிப் போட்டதற்குக் காரணம் கொடுக்கின் வலிமை. இரண்டு கொடுக்கையும் உற்றுப் பார்த்தால் ஒன்றுபோல் இருக்காது. ஒன்று தடித்து, கடைவாய்ப் பல்லைப்போல மழுங்கிய முண்டுகளோடு இருக்கும். அது மட்டியையும் நத்தையையும் ஓட்டோடு நொறுக்க. மற்றது சற்றே மெலிந்து கூராக இருக்கும். அது அறுத்துக் கிழிக்க. மனித விரல் இவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. அதோடு இவை ஒன்றையொன்று தின்பவை. கட்டாமல் ஒரே கூடையில் போட்டால் விடிவதற்குள் பாதி ஊனமாகிவிடும். ஆகவே பிடித்த இடத்திலேயே, மேல் ஓட்டைக் காலால் மெல்ல அழுத்திக்கொண்டு, கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போடுகிறார்கள். பழகிய கைக்கு அது அரை நிமிட வேலை.

கட்டிய நண்டு தண்ணீரில்லாமல் கடல் தாண்டி எப்படி உயிரோடு வருகிறது? இதன் செவுள்கள் ஓட்டுக்கு அடியில் ஒரு மூடிய அறைக்குள் இருக்கின்றன. அந்த அறை ஈரமாக இருக்கும்வரை காற்றிலுள்ள ஆக்ஸிஜனையே எடுத்துக்கொள்ளும். ஓதம் வற்றிய சேற்றில் மணிக்கணக்கில் கிடந்து பழகிய பிராணி அல்லவா? ஈரச் சாக்கு, நிழல், குளிர்ச்சி மூன்றும் இருந்தால் பல நாள் தாங்கும். துளையிட்ட பெட்டிகளில் விமானமேறி சென்னையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் சிங்கப்பூருக்கு வருவது இந்த ஒரு திறமையால்தான்.

தம்பி ஒரு நண்டைப் புரட்டி, பின்னங்கால்களுக்குப் பக்கத்தில் அடிவயிற்றைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். கல்லைப்போல இருந்தது. "அமுங்கக் கூடாதுண்ணே. அமுங்குச்சுன்னா தண்ணி நண்டு."

இந்தத் தண்ணி நண்டு என்ற சொல்லுக்குள் நண்டின் வாழ்க்கைச் சரித்திரமே இருக்கிறது. நண்டுக்கு எலும்பு வெளியே. ஓடு வளராது, உள்ளே இருக்கும் உடம்பு வளர்ந்தாக வேண்டும். ஆகவே அவ்வப்போது சட்டையைக் கழற்றுகிறது. பழைய ஓட்டிலிருக்கும் சுண்ணாம்பில் ஒரு பகுதியை முதலில் உடம்புக்குள் இழுத்துக்கொள்கிறது. அடியில் புதிய, துணிபோல மெத்தென்ற ஓடு உருவாகிறது. நாள் வந்ததும் தண்ணீரைக் குடித்து உப்புகிறது. முதுகுப்புறம் தையல் விட்டதுபோலப் பிளக்க, பின்பக்கமாக நகர்ந்து வெளியே வருகிறது. இதில் கடினமான கட்டம் கொடுக்குதான். அவ்வளவு பெரிய கொடுக்குச் சதையை மணிக்கட்டுபோன்ற குறுகிய மூட்டு வழியாக உருவ வேண்டும். அதற்காக உரிக்கும் முன்பே அந்தச் சதை தானாகவே சுருங்கி மெலிந்துவிடுகிறது. ஒரு பிராணி தன் தசையைத் தானே கரைத்துப் பிறகு திரும்பக் கட்டிக்கொள்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். இழந்துபோன காலும் இப்படி உரிக்கும்போதுதான் சின்னதாக முளைத்து வெளியே வரும்; அடுத்தடுத்த உரிப்பில் முழு அளவை எட்டும்.

உரித்து வெளிவந்த நண்டு தண்ணீரால் ஊதிக்கொண்டு ஓட்டைப் பெரிதாக விரித்துக்கொள்கிறது. ஓடு இறுகிவிடும். உள்ளே சதை நிரம்பத்தான் வாரக்கணக்கில் ஆகும். இந்த இடைவெளியில் பிடிபடுவதுதான் தண்ணி நண்டு. பார்வைக்குப் பளபளவென்று இருக்கும், வேகவைத்தால் கொடுக்குக்குள் நீரும் நாலு நாரும். அதனால்தான் நண்டு வாங்கும்போது பளபளப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஓடு தேய்ந்து, அழுக்கேறி, கொடுக்குப் பற்கள் மழுங்கியிருந்தால் அது சட்டை மாற்றி நாளானது, சதை நிரம்பியது. கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கும். தண்ணி நண்டை வீணாக்காமல் மலிவு விலைக்கு வாங்கி, குளத்திலோ கூண்டிலோ விட்டு, மூன்று நான்கு வாரம் கழிவு மீன் போட்டுக் கொழுக்க வைத்து விற்பவர்களும் நம் கரையில் இருக்கிறார்கள்.

உயிரோடுதான் சமைக்க வேண்டும் என்ற பிடிவாதம் வெறும் பகட்டல்ல. ஓட்டைத் திறந்தால் மஞ்சளாகக் கொழுப்புப்போல ஒன்று இருக்குமே, அதுதான் ஈரலும் கணையமும் சேர்ந்த செரிமான உறுப்பு. நண்டு செத்ததும் அதிலுள்ள செரிமான நொதிகள் கசிந்து அதன் சதையையே செரிக்கத் தொடங்கும். கிருமிகளும் வேகமாகப் பெருகும். சில மணி நேரத்தில் சதை குழைந்து நாற்றமடிக்கும். செத்து எவ்வளவு நேரமாயிற்று என்று தெரியாத நண்டை எந்த ஊரிலும் வாங்காதீர்கள்.

கால் மணி நேரத்தில் பச்சையாகப் போன நண்டு செக்கச்செவேலென்று தட்டில் வந்தது. மகள் மிளகாய்ச் சாயம் என்றே நினைத்தாள். சாயமல்ல. அஸ்டாஸான்தின் என்ற சிவப்பு நிறமி நண்டின் ஓட்டில் எப்போதும் இருக்கிறது. அதை ஒரு புரதம் இறுகப் பற்றிக்கொண்டிருக்கும்வரை அது நீலமும் பச்சையுமாகத் தெரியும். சூடு பட்டதும் புரதம் குலைந்து பிடி தளர, நிறமி தன் இயல்பான சிவப்புக்குத் திரும்புகிறது. சால்மன் மீனின் சதையில் இருப்பதும் இதே நிறமிதான். நண்டின் இரத்தமோ சிவப்பே அல்ல. நமக்கு இரும்புபோல அதற்குச் செம்பு. ஆக்ஸிஜன் ஏறும்போது இளநீலமாகும்.

மேசைக்கு வந்த சில்லி கிராப் சிங்கப்பூரின் சொந்தச் சரக்கு. 1950-களின் நடுவில் சேர் யாம் தியான் என்ற பெண்மணி, வழக்கமாக அவித்துக் கொடுக்கும் நண்டைத் தக்காளிச் சாஸும் மிளகாய்ச் சாஸும் விட்டுக் கிளறிப் பார்த்து, தள்ளுவண்டியில் விற்கத் தொடங்கியது. பிறகுதான் அது உணவகத்துக்கு ஏறியது. பொரித்த பன்னைக் குழம்பில் முக்கித் தின்கிறார்கள். என் நாக்குக்கு இனிப்பு ஒரு பிடி அதிகம். கொடுக்குச் சதையை மட்டும் தனியே எடுத்துத் தின்றபோது, மசாலாவே தேவையில்லாத இனிப்பு அதற்கு இருப்பது தெரிந்தது.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. பெண் நண்டு சட்டை உரித்து மெத்தென்று இருக்கும்போதுதான் இணைசேரும். அதற்கு முன்பே ஆண் அதைத் தன் வயிற்றடியில் அணைத்துக்கொண்டு நாள்கணக்கில் காவல் காக்கும். பிறகு பெண் மட்டும் கழியை விட்டு ஆழ்கடலை நோக்கிப் புறப்படும். அங்கே பத்து லட்சக்கணக்கில் முட்டையிட்டு, வயிற்று மடலுக்குள் பஞ்சுபோல ஒட்டவைத்துச் சுமக்கும். பொரிந்து வரும் குஞ்சுக்கு நண்டின் சாயலே இராது. பல பருவம் உருமாறி, ஏறத்தாழ ஒரு மாதம் கழித்துத்தான் கழிமுகத்துக்குத் திரும்பும். லட்சத்தில் ஒன்றிரண்டு தேறினால் பெரிது. செயற்கையாகப் பொரிக்க வைப்பது அதனால்தான் அவ்வளவு சிரமம். தரங்கம்பாடிக்கு வடக்கே, சீர்காழியை அடுத்த தொடுவாயில், ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் அதைச் செய்து காட்டியிருக்கிறது. ஆனாலும் கழியிலிருந்து பிடித்த நண்டு இன்னும் உணவகங்களுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பெண் சேற்று நண்டைப் பிடித்தால் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். ஆணும் 15 சென்டிமீட்டர் அகலம் இருந்தால்தான் எடுக்கலாம். நம் ஊரில் சினை நண்டுக்குத்தான் கிராக்கி. அந்த ருசி எனக்கும் தெரியும், ஆனாலும் அதைக் கேட்பதை நான் விட்டுவிட்டேன்.

அடையாளம் கண்டுபிடிப்பது எளிது. நண்டைப் புரட்டுங்கள். வயிற்று மடல் குறுகிக் கூராக இருந்தால் ஆண், அகன்று வட்டமாக இருந்தால் பெண். ஆணுக்குக் கொடுக்கு பெரிது, சதையும் அதில்தான் அதிகம். பழவேற்காட்டுக்குப் போனாலும் சிங்கப்பூருக்குப் போனாலும், தயவுசெய்து ஆண் நண்டைக் கேட்டு வாங்குங்கள்.