‘ஸ்டார்டஸ்ட்’ யாருடைய இசை?

அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் கன்ட்ரி என்றும் பாப் என்றும் ஜாஸ் என்றும் வகுத்து வைத்த பாகுபாடு, இசையின் இலக்கணத்தைவிடக் கடைக்கும் வானொலிக்கும் தோதாக அமைந்த ஒன்று என்பதை, 1978ஆம் ஆண்டு ஏப்ரலில் வில்லி நெல்சன் வெளியிட்ட ‘ஸ்டார்டஸ்ட்’ இசைத்தொகுப்பைக் கேட்டவர்களின் கருத்துகள் வெளிச்சமிட்டுக் காட்டின. கன்ட்ரி என்பது அமெரிக்கத் தென்மாநிலங்களின் உழவர், கூலித் தொழிலாளர் வாழ்விலிருந்து பிடிலும் பாஞ்சோவும் துணைவர வளர்ந்து, பின்னர் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரைத் தன் தலைநகராக்கிக் கொண்ட இசை வகை ஆகும். அந்த வகையில் பெயர்பெற்ற நெல்சன் பாடிய இத்தொகுப்பின் பத்துப் பாடல்களில் ஒன்றுகூட அவ்வகையில் பிறந்ததன்று. அனைத்தும் ‘ஸ்டாண்டர்ட்’ எனப்படுபவை, அதாவது 1920கள் முதல் 1950கள் வரை இசைப் பதிப்பகங்களுக்காகவும் நாடக மேடைக்காகவும் திரைப்படத்துக்காகவும் இயற்றப்பட்டு, ஒருவர் பின் ஒருவராகப் பல பாடகர்கள் எடுத்தாண்ட பாடல்கள். தலைப்புப் பாடலுக்கு ஹோகி கார்மைக்கேல் மெட்டமைத்தது 1927இல். ‘ப்ளூ ஸ்கைஸ்’ பாடலை இர்விங் பெர்லின் எழுதியது அதற்கும் ஓராண்டு முன்பு.

டெக்சஸ் மாநிலத்தின் அபட் என்ற சிற்றூரில் 1933இல் பிறந்த நெல்சன், நாஷ்வில்லில் பாடலாசிரியராகப் புகழ் பெற்றவர். பேட்சி க்ளைன் 1961இல் பாடிய ‘க்ரேஸி’ அவர் எழுதியதே. ஆயினும் பாடகராக அங்கு எடுபடாமல், 1970களின் தொடக்கத்தில் டெக்சஸின் ஆஸ்டின் நகருக்குத் திரும்பி, முடி வளர்த்து, நாஷ்வில்லின் மெருகேற்றிய பாணியை மறுத்த ‘அவுட்லா’ இயக்கத்தின் முகமானார். 1976இல் அவரும் வேறு மூவரும் பங்களித்த தொகுப்பு ஒன்று, பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டிய முதல் கன்ட்ரி இசைத்தட்டு என்ற பெயரைப் பெற்றது. அத்தகைய ஒருவர் பாட்டி காலத்துப் பாடல்களைப் பாடப் போகிறார் என்று அறிந்ததும் அவருடைய இசைத்தட்டுகளை வெளியிட்ட கொலம்பியா நிறுவனத்தார் தயங்கியது இயல்பே: இளைஞர்கள் இவற்றைப் பழசு என்பார்கள், கன்ட்ரி ரசிகர்கள் இவற்றைத் தங்களுடையவை அல்ல என்பார்கள் என்பது அவர்கள் கணக்கு. பாடல்களைத் தேர்வு செய்யும் உரிமையை ஒப்பந்தம் நெல்சனுக்கே அளித்திருந்ததால்தான் இத்தொகுப்பு வெளிவர முடிந்தது.

அந்தக் கணக்கு எங்கே பிழைத்தது என்பதற்கு, ஆஸ்டின் ஆப்பரா ஹவுஸ் அரங்கில் தலைப்புப் பாடலைப் பாடியது குறித்து நெல்சன் தம் வரலாற்று நூலில் தரும் செய்தியே சிறந்த சான்று. அவையிலிருந்த இளைஞர்கள் அதை அவரே புதிதாக எழுதிய பாட்டு என்று எண்ணினார்களாம். மூத்தவர்களுக்கோ அது முன்பே நெஞ்சில் பதிந்த பாட்டு. ஒரே அரங்கில், ஒரே நேரத்தில், ஒரே பாட்டு ஒரு சாராருக்குக் கண்டுபிடிப்பாகவும் மறு சாராருக்கு நினைவாகவும் அமைந்ததென்றால், பாட்டின் வயதை வைத்துக் கேட்போரின் விருப்பத்தை அளக்க முயன்றவர்கள் ஏமாந்ததில் வியப்பில்லை. நெல்சனின் முந்தைய ‘ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்’ தொகுப்பின் வறண்ட, கதை சொல்லும் பாங்கை விரும்பிய காதுக்கு இது மென்மை மிகுந்ததாகப் படக்கூடும். பாடல்கள் பெரும்பாலும் ஒரே நிதான நடையில் செல்கின்றன என்ற குறையிலும் உண்மை உண்டு. ஆனால் அந்த நிதானத்தில்தான் இசை வகைகளின் கலப்பின் நுட்பம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

தொகுப்பைத் தயாரித்தவர் புக்கர் டி. ஜோன்ஸ், மெம்பிஸ் நகரின் ஸ்டாக்ஸ் நிறுவனத்தில், கறுப்பின மக்களின் தேவாலயப் பாடலும் ப்ளூஸும் சேர்ந்து உருவான சோல் இசையின் ஒலியை வடித்தவர்களுள் ஒருவர். நெல்சனின் வழக்கமான குழுவையே வைத்துக்கொண்டு, அவர்களுக்குப் பின்னால் தம் ஆர்கனை மெல்லப் பரவவிட்டார். ‘ஜார்ஜியா ஆன் மை மைண்ட்’ பாடலில் மிக்கி ரஃபேலின் மவுத் ஆர்கன் குரலுக்கு மறுமொழி சொல்வதுபோல் வந்து விலகும் இடத்தில் எந்த இசை எங்கே முடிந்து எது தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல இயலாது. நெல்சனோ தாள அடி விழுந்த பிறகே சொல்லை எடுத்து, அடியைத் துரத்திப் பிடிப்பதுபோல் அடுத்த சொற்களை நெருக்கி, வரியின் இறுதியில் தாளத்தோடு வந்து சேர்கிறார். ஆர்ப்பாட்டமான வாத்தியக் குழுவுக்கு முன்னால் இது எடுபட்டிராது. அவருடைய நைலான் தந்தி கிட்டாரும் இதே போக்குடையது: விரலால் மீட்டுவதற்கென்று செய்யப்பட்ட அக்கருவியை அவர் ‘பிக்’ எனப்படும் சிறு தகடு கொண்டு வாசித்து வாசித்து, ஒலித்துளைக்கு அருகே பலகையில் இன்னொரு ஓட்டையே விழுந்துவிட்டது. அந்த வாசிப்பின் ஊற்று ஐரோப்பிய ஜாஸ் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட் ஆவார்.

எனவே புறத்தேயிருந்து ஜாஸையும் சோலையும் கொண்டுவந்து கன்ட்ரியின் மேல் ஒட்டவைத்த முயற்சி இது என்று கொள்வது பொருந்தாது. டெக்சஸில் பாப் வில்ஸ் 1930களிலேயே பிடிலையும் ஜாஸ் வாத்தியங்களையும் ஒரே மேடையில் இசைக்கவைத்து, ‘வெஸ்டர்ன் ஸ்விங்’ என்ற நடன இசையை வளர்த்திருந்தார். நெல்சன் அதைக் கேட்டே வளர்ந்தவர். எதிர்த்திசைப் பயணமும் முன்பே நிகழ்ந்துவிட்டது: கறுப்பினப் பாடகர் ரே சார்ல்ஸ் 1962இல் கன்ட்ரிப் பாடல்களைத் தம் பாணியில் பாடிப் பெருவெற்றி கண்டார். கேட்பவர்களின் காது நெடுங்காலமாகவே வேலிகளைத் தாண்டிக்கொண்டிருந்தது. அதை ஒப்புக்கொள்ள மறுத்தவை பட்டியல்களும் அலுவலகங்களும் மட்டுமே.

‘ஸ்டார்டஸ்ட்’ பில்போர்டு இதழின் கன்ட்ரிப் பட்டியலில் முதலிடம் பெற்று, ஏறத்தாழப் பத்தாண்டுகள் அப்பட்டியலை விட்டு அகலாமல் இருந்தது. 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றன. ‘ஜார்ஜியா’ பாடலுக்காக 1979இல் நெல்சன் பெற்ற கிராமி விருது கன்ட்ரிப் பாடகர் பிரிவில் வழங்கப்பட்டது. இதே வகைப் பாடல்களை இதே பாங்கில் பாடி, ஜார்ஜ் கெர்ஷ்வினின் இசையை அவர் தனித் தொகுப்பாகத் தந்தபோது, 2017இல் கிடைத்த கிராமி விருது மரபு பாப் பிரிவில் சேர்ந்தது.