கன்று ஈன்ற மாடு ஏன் எழ மறுக்கிறது?

"கன்று போட்ட மறுநாளே மாடு படுத்துவிட்டது. காய்ச்சல் இல்லை, காது சில்லென்று இருக்கிறது. தலையை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு கிடக்கிறது." மாடு வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பெயர் 'பால் காய்ச்சல்' என்றாலும் இதில் உடல் சூடு ஏறாது, குறையத்தான் செய்யும். குறைபாடு இரத்தத்திலுள்ள கால்சியத்தில்.

தசைக்குள் ஆக்டின், மயோசின் என்ற இரு புரத இழைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. மயோசின் இழை ஆக்டினைப் பற்றி, கயிறு இழுப்பதுபோல இழுக்கும்போது தசை சுருங்குகிறது. பிடித்து இழுக்கவும், பிடியை விடவும் ஏ.டி.பி. என்ற ஆற்றல் பொருள் வேண்டும். செத்த மாடு விறைத்துப்போவது, ஏ.டி.பி. தீர்ந்து பிடி விடாமல் நின்றுவிடுவதால்தான். அந்தப் பிடிக்கு வழி திறந்துவிடுவது கால்சியம். 'சுருங்கு' என்ற நரம்பின் கட்டளை தசைக்குப் போய்ச் சேரவும் இரத்தத்தில் கால்சியம் வேண்டும்.

கறவை மாட்டின் இரத்தத்தில் ஓடும் கால்சியம் சுமார் 3 கிராம்தான். 10 லிட்டர் சீம்பாலில் 20 கிராமுக்கு மேல் வெளியேறுகிறது. எலும்பிலிருந்தும் தீவனத்திலிருந்தும் அதை உடனே ஈடுகட்ட முடியாத மாடு படுத்துவிடுகிறது. மூன்றாம் ஈற்றுக்கு மேற்பட்ட, அதிகம் கறக்கும் கலப்பின மாடுகளுக்கே ஆபத்து அதிகம்.

உடனே செய்ய வேண்டியவை

* கால்நடை மருத்துவரை அழையுங்கள். தமிழகத்தில் 1962 எண்ணிலும் அழைக்கலாம். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.
* படுத்த மாட்டுக்கு வாய்வழியாக மருந்தோ கஞ்சியோ ஊற்றாதீர்கள். விழுங்கும் தசையும் தளர்ந்திருப்பதால் நுரையீரலுக்குள் போய்விடும்.
* பக்கவாட்டில் சாயவிடாமல், நெஞ்சு தரையில் படும்படி உட்காரவைத்து, வைக்கோல் மூட்டை அண்டை கொடுங்கள்.
* கால்சியம் ஊசியை நீங்களே போடாதீர்கள். இதயமும் தசைதான், வேகமாக ஏற்றினால் நின்றுவிடும்.

மருந்து ஏறியதும் தசை நடுங்கும், ஏப்பம் வரும், சாணம் போடும். தசைகள் மீண்டும் வேலை செய்கின்றன என்பதற்கு அடையாளம் அது. எழுந்த மாடு மீண்டும் படுக்கலாம். இரண்டு நாள் கவனியுங்கள்.

வருமுன் காக்க

ஈனுவதற்கு முந்தைய மூன்று வாரம் கால்சியம் மருந்தும், குதிரைமசாலும் அதிகம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும் பழக்கம் உடலுக்கு மந்தமாகிவிடும். ஈன்றவுடன் மருத்துவர் சொல்லும் அளவில் கால்சியம் கொடுங்கள். கன்றுக்குச் சீம்பால் கட்டாயம். ஆனால் முதல் நாளே மடியை ஒட்டக் கறக்காதீர்கள்.