வீடு வாங்குமுன் கூரையைப் பாருங்கள்

1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை முதியோர் மறக்கவில்லை. 2020 டிசம்பர் 2 இல் புரேவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரைகடந்தது. கிழக்குக் கரையில் கார்த்திகையும் மார்கழியும் ஆபத்தான மாதங்கள். அங்கே வளவோடு வீடு வாங்க எண்ணுவோர் காணி உறுதியைப் பார்ப்பதுபோலக் கூரையையும் பார்க்கவேண்டும்.

பலர் நினைப்பதுபோலப் புயற்காற்று கூரையை அமுக்கி உடைப்பதில்லை. பெரும்பாலும் மேலே உறிஞ்சித் தூக்குகிறது. யன்னல் உடைந்தால் உட்புகும் காற்றும் கீழிருந்து தள்ளும். ஆகவே கைமரங்கள் ஆணியில் மாத்திரம் நிற்பது போதாது; இரும்புப் பட்டியாலோ தடித்த கம்பியாலோ சுவரோடு இறுகப் பிணைத்திருக்கவேண்டும். விறாந்தைக் கூரை தனியாக இருப்பது நல்லது. அது பறந்தாலும் வீட்டுக்கூரையை இழுத்துச் செல்லாது. கூரைமேல் சாய்ந்த தென்னையையும் கவனியுங்கள்.

பிணைப்பு இல்லையென்றால், அதற்காகும் செலவை விலையிற் குறைத்துக் கேளுங்கள்.