எக்ஸ்இசட் பின்கதவு

எக்ஸ்இசட் பின்கதவு என்பது எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்னும் தரவுச் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் திட்டமிட்டு மறைத்து வைக்கப்பட்ட தீங்கு நிரலைக் குறிக்கும். இது 2024 மார்ச் 29 அன்று வெளிச்சத்துக்கு வந்தது. லினக்ஸ் இயங்குதளம் கொண்ட வழங்கிகளில், கடவுச்சொல் எதுவும் அறியாமலே, தொலைவிலிருந்து ஆணைகளை இயக்க இந்நிரல் வழிசெய்தது. இதற்கு சிவிஇ-2024-3094 என்ற பாதுகாப்புக் குறைபாட்டு எண் வழங்கப்பட்டது. தீவிர அளவீட்டில் இது 10 க்கு 10 என்ற உச்ச மதிப்பைப் பெற்றது.

இது கவனக்குறைவால் நேர்ந்த நிரற்பிழை அன்று. புனைபெயரில் இயங்கிய ஒருவர், அல்லது ஒரு குழுவினர், இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பயனுள்ள பங்களிப்புகளைச் செய்து, ஒரு திறந்த மூலத் திட்டத்தின் பராமரிப்பாளர் என்ற நிலையை அடைந்த பின்னரே இந்நிரல் சேர்க்கப்பட்டது. ஆகவே இந்நிகழ்வு கணினிப் பாதுகாப்புத் துறையில் மட்டுமன்றி, தன்னார்வலர்களின் உழைப்பை நம்பியிருக்கும் திறந்த மூல மென்பொருள் உலகம் முழுவதிலும் விவாதத்தைத் தோற்றுவித்தது.

எக்ஸ்இசட் யூட்டில்ஸ்

எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்பது கோப்புகளின் அளவைச் சுருக்கவும், சுருக்கியவற்றை மீண்டும் விரிக்கவும் பயன்படும் கட்டளை வரிக் கருவிகளின் தொகுப்பு ஆகும். இதன் அடிப்படையான எல்இசட்எம்ஏ என்னும் சுருக்க முறை, இகோர் பாவ்லோவ் உருவாக்கிய செவன்-சிப் மென்பொருள் வழியாக அறிமுகமானது. எக்ஸ்இசட் யூட்டில்சைப் பின்லாந்தைச் சேர்ந்த லாசே காலின் உருவாக்கி, பெரும்பாலும் தனியொருவராகப் பராமரித்து வந்தார்.

பொதுப் பயனர்கள் இதன் பெயரை அறிந்திருப்பது அரிது. எனினும் டெபியன் போன்ற வழங்கல்களின் நிறுவல் பொதிகள் இம்முறையிலேயே சுருக்கப்படுகின்றன. இத்தொகுப்பின் பகுதியான லிப்எல்இசட்எம்ஏ என்னும் நிரலகத்தை வேறு பல மென்பொருட்களும் பயன்படுத்துகின்றன. ஒரு நிரலகத்தில் உள்ள நிரல், அதை நேரடியாகவோ மறைமுகமாகவோ இணைத்துக்கொள்ளும் ஒவ்வொரு மென்பொருளின் உள்ளேயும் இயங்கும் என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும்.

நம்பிக்கையைப் பெற்ற விதம்

ஜியா டான் என்ற பெயரில் ஒரு கிட்ஹப் கணக்கு 2021 இல் தொடங்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் இக்கணக்கின் உரிமையாளர் எக்ஸ்இசட் திட்டத்தின் மின்னஞ்சல் குழுவுக்குச் சிறிய திருத்தங்களை அனுப்பத் தொடங்கினார். அவை பயனுள்ளவையாக இருந்தமையால் ஏற்றுக்கொள்ளப்பட்டன.

2022 இல் வேறு சில பெயர்களிலிருந்து அதே மின்னஞ்சல் குழுவுக்கு முறையீடுகள் வந்தன. திருத்தங்கள் நெடுநாள் காத்திருக்கின்றன என்றும், திட்டத்துக்குப் புதிய பராமரிப்பாளர் தேவை என்றும் அவை வற்புறுத்தின. இது ஊதியமின்றி ஓய்வு நேரத்தில் செய்யப்படும் பணி என்பதை லாசே காலின் தம் மறுமொழியில் சுட்டிக்காட்டினார். ஜியா டானுக்கு வருங்காலத்தில் கூடுதல் பொறுப்பு கிடைக்கலாம் என்றும் அவர் குறிப்பிட்டார். முறையிட்ட பெயர்கள் இத்திட்டத்துக்கு வெளியே எவ்வகைச் செயற்பாட்டுத் தடமும் அற்றவையாக இருந்தன. எனவே பராமரிப்பாளருக்கு நெருக்கடி கொடுப்பதற்காகவே அவை உருவாக்கப்பட்டன என ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர்.

2023 ஆம் ஆண்டு தொடங்கியபோது, களஞ்சியத்தில் நேரடியாக மாற்றம் செய்யும் உரிமை ஜியா டானிடம் இருந்தது. அவ்வாண்டு மார்ச்சில் 5.4.2 பதிப்பை அவரே வெளியிட்டார். திறந்த மூல மென்பொருட்களைத் தானியங்கியாகச் சோதித்துப் பிழைகளைக் கண்டறியும் கூகுளின் ஓஎஸ்எஸ்-பஸ் சேவையில், எக்ஸ்இசட் திட்டத்துக்கான முதன்மைத் தொடர்பு முகவரியும் அவருடையதாக மாற்றப்பட்டது. இப்பெயருக்குப் பின்னால் இருந்தவர் யார் என்பது பொதுவெளியில் நிறுவப்படவில்லை.

தீங்கு நிரல் மறைக்கப்பட்ட விதம்

திறந்த மூலத் திட்டம் ஒன்றின் மூலநிரல் இரண்டு வடிவங்களில் கிடைப்பது வழக்கம். ஒன்று, ஒவ்வொரு மாற்றமும் பதிவாகும் கிட் களஞ்சியம். மற்றொன்று, ஒவ்வொரு பதிப்பின்போதும் பராமரிப்பாளர் தயாரித்துத் தரும் வெளியீட்டுப் பொதி. கட்டமைப்புக் கருவிகள் தாமாக உருவாக்கும் சில கோப்புகள் களஞ்சியத்தில் இல்லாமல் பொதியில் மட்டும் இருப்பது இயல்பு. ஆகையால் இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு எவருக்கும் ஐயத்தைத் தருவதில்லை. இப்பழக்கமே இங்கு இடைவெளியாகப் பயன்படுத்தப்பட்டது.

மறைவு மூன்று நிலைகளைக் கொண்டிருந்தது.

1. சோதனைக் கோப்புகள்: சுருக்க மென்பொருளைச் சோதிக்கச் சரியான கோப்புகளும், வேண்டுமென்றே பழுதாக்கப்பட்ட கோப்புகளும் தேவை. மனிதர் படிக்க இயலாத இரும வடிவில் இருப்பதால் அவற்றின் உள்ளடக்கத்தை எவரும் ஆராய்வதில்லை. 2024 பிப்ரவரியில் சேர்க்கப்பட்ட அத்தகைய இரண்டு கோப்புகளில் தீங்கு நிரல் பொதிந்திருந்தது.

2. கட்டமைப்பு உரைநிரல்: வெளியீட்டுப் பொதியில் மட்டும் இருந்த ஒரு கட்டமைப்புக் கோப்பு, 'பழுதான' சோதனைக் கோப்பின் பைட்டுகளை இடம் மாற்றியது. அவ்வாறு மாற்றியதும் அது முறையான சுருக்கக் கோப்பாகி, உள்ளிருந்து ஓர் ஆணைத் தொடர் வெளிப்பட்டது.

3. இணைப்பு: அந்த ஆணைத் தொடர் இரண்டாவது சோதனைக் கோப்பிலிருந்து ஏற்கனவே தொகுக்கப்பட்ட இரும நிரலை எடுத்து, உருவாகிக்கொண்டிருந்த லிப்எல்இசட்எம்ஏ நிரலகத்துடன் இணைத்தது. 64 பிட் லினக்ஸ் கணினியில் டெபியன் அல்லது ஆர்பிஎம் வகைப் பொதியாகக் கட்டப்படும்போது மட்டுமே இது நிகழுமாறு அமைக்கப்பட்டிருந்தது.

இதன் விளைவாக, களஞ்சியத்தின் மூலநிரலை வரிக்கு வரி படிப்பவருக்கும் தீங்கு நிரல் தென்பட்டிருக்காது. இதே காலத்தில் செய்யப்பட்ட மற்றொரு மாற்றமும் குறிப்பிடத்தக்கது. லேண்ட்லாக் எனப்படும் பாதுகாப்பு வசதி கணினியில் உள்ளதா எனச் சோதிக்கும் சிறு நிரலில் ஒரேயொரு முற்றுப்புள்ளி செருகப்பட்டிருந்தது. அதனால் அச்சோதனை எப்போதும் தோல்வியுற்று, அவ்வசதி சேர்க்கப்படாமலே போனது.

செயற்படும் முறை

எஸ்எஸ்எச் என்பது தொலைவில் உள்ள கணினியில் பாதுகாப்பாகப் புகுபதிகை செய்ய உதவும் நெறிமுறை ஆகும். வழங்கிகளை நிருவகிப்போர் பெரும்பாலும் ஓப்பன்எஸ்எஸ்எச் என்னும் மென்பொருளை இதற்குப் பயன்படுத்துகின்றனர். இம்மென்பொருள் தானாக லிப்எல்இசட்எம்ஏ நிரலகத்தைப் பயன்படுத்துவதில்லை. ஆனால் டெபியன், பெடோரா முதலிய வழங்கல்கள், எஸ்எஸ்எச் சேவை தொடங்கிவிட்டதை சிஸ்டம்டி என்னும் சேவை மேலாண்மை நிரலுக்கு அறிவிப்பதற்காக அதில் ஒரு திருத்தம் செய்திருந்தன. அத்திருத்தம் லிப்சிஸ்டம்டி நிரலகத்தை இணைத்தது. லிப்சிஸ்டம்டி, லிப்எல்இசட்எம்ஏ நிரலகத்தை இணைத்தது. கோப்புகளைச் சுருக்கும் நிரல் ஒன்று வழங்கியின் நுழைவாயிலுக்குள் வந்து சேர்ந்தது இவ்வாறே.

கணினியின் செயலிக்கு ஏற்ற செயற்கூறைத் தெரிவு செய்ய, நிரல் ஏற்றப்படும்போதே இயங்கும் ஐபங்க் என்னும் வசதி லினக்சில் உண்டு. பின்கதவு இவ்வசதியின் மூலம் மற்ற நிரல்களுக்கு முன்பாகவே இயங்கி, எஸ்எஸ்எச் சேவை சான்றுகளைச் சரிபார்க்கப் பயன்படுத்தும் ஆர்எஸ்ஏ செயற்கூறுக்குப் பதிலாகத் தன்னை அமர்த்திக்கொண்டது. இதன்பின், புகுபதிகைக்காக வரும் ஒவ்வொரு சான்றையும் அது முதலில் ஆராயும். குறிப்பிட்ட தனிச் சாவியால் ஒப்பமிடப்பட்ட ஆணை அதில் இருந்தால், அதை இயக்கும். இல்லையெனில் வழக்கமான செயற்கூறிடம் ஒப்படைத்துவிடும். அத்தனிச் சாவி தாக்குதலாளரிடம் மட்டுமே இருந்ததால், வேறு எவரும் இப்பின்கதவைப் பயன்படுத்தவோ, வெளியிலிருந்து சோதித்து அறியவோ இயலாது.

கண்டறியப்பட்ட விதம்

போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தின் உருவாக்குநர்களுள் ஒருவரும் மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் பணியாற்றுபவருமான ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் இதனைக் கண்டறிந்தார். அவர் பாதுகாப்புக் குறைபாடு எதையும் தேடவில்லை. டெபியனின் நிலையற்ற பதிப்பு நிறுவப்பட்ட கணினியில் மென்பொருள் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். அப்போது, தோல்வியுறும் எஸ்எஸ்எச் புகுபதிகைகள் வழக்கத்துக்கு மாறாகச் செயலியை மிகுதியாகப் பயன்படுத்துவதைக் கவனித்தார். முன்னர் சுமார் 0.3 நொடியில் முடிந்த ஒரு புகுபதிகை முயற்சி, புதிய பதிப்பில் சுமார் 0.8 நொடி எடுத்துக்கொண்டது.

இந்த அரை நொடித் தாமதத்தின் காரணத்தைத் தேடியபோது, நேரம் லிப்எல்இசட்எம்ஏ நிரலகத்தில் செலவாவது தெரிந்தது. நினைவகப் பிழைகளைக் கண்டறியும் வால்கிரைண்ட் என்னும் கருவி சில வாரங்களுக்கு முன் இதே நிரலகம் குறித்துக் காட்டிய எச்சரிக்கையும் அவர் நினைவுக்கு வந்தது. வெளியீட்டுப் பொதியை ஆராய்ந்து பின்கதவை உறுதி செய்த அவர், டெபியன் பாதுகாப்புக் குழுவினருக்குத் தெரிவித்தபின், மார்ச் 29 அன்று பொது மின்னஞ்சல் குழு ஒன்றில் விரிவான அறிக்கையை வெளியிட்டார். மூலநிரல் திறந்திருந்ததால், மற்ற ஆய்வாளர்கள் அடுத்த சில நாட்களிலேயே தாக்குதலின் பெரும்பகுதியைப் பிரித்தறிந்தனர்.

பாதிப்பும் நடவடிக்கைகளும்

5.6.0 பதிப்பு பிப்ரவரி 24 அன்றும், 5.6.1 பதிப்பு மார்ச் 9 அன்றும் வெளியாயின. கண்டறியப்பட்ட வேளையில் இவை டெபியனின் சோதனை மற்றும் நிலையற்ற பதிப்புகள், பெடோரா ராஹைட், ஓப்பன்சூசே டம்பிள்வீட், காளி லினக்ஸ் போன்ற முன்னோடி வெளியீடுகளை அடைந்திருந்தன. நிறுவனங்களின் வழங்கிகளில் மிகுதியாகப் பயன்படும் நிலைத்த பதிப்புகளை எட்டவில்லை.

வழங்கல்கள் உடனடியாகப் பழைய பதிப்புக்குத் திரும்பின. கிட்ஹப் தளம் திட்டத்தின் களஞ்சியத்தைத் தற்காலிகமாக முடக்கியது. உபுண்டு 24.04 இன் முன்னோட்டப் பதிப்பு, பொதிகளை மீண்டும் கட்டுவதற்காக ஒரு வாரம் தள்ளிவைக்கப்பட்டது. லாசே காலின் களஞ்சியத்தின் மாற்றங்களைச் சரிபார்த்து, பின்கதவு நீக்கப்பட்ட 5.6.2 பதிப்பை 2024 மே 29 அன்று வெளியிட்டார். அவ்வாண்டு சூலையில் வெளியான ஓப்பன்எஸ்எஸ்எச் 9.8 பதிப்பில், லிப்சிஸ்டம்டி நிரலகத்தின் துணையின்றியே சிஸ்டம்டிக்கு அறிவிக்கும் வசதி சேர்க்கப்பட்டது. இதனால் மேற்கூறிய இணைப்புச் சங்கிலிக்கான தேவை நீங்கியது.

முந்தைய நிகழ்வுகளுடன் ஒப்பீடு

ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தில் 2014 இல் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட், லாக்4ஜே நிரலகத்தில் 2021 இல் வெளிப்பட்ட லாக்4செல் ஆகியன உள்நோக்கமற்ற பிழைகள். எக்ஸ்இசட் நிகழ்வுக்கு நெருக்கமானது 2018 இல் நிகழ்ந்த ஈவன்ட்-ஸ்ட்ரீம் தாக்குதல் ஆகும். அதில் ஒரு சாவாஸ்கிரிப்டு நிரலகத்தின் பராமரிப்பு, உதவ முன்வந்த அறிமுகமற்ற ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் பிட்காயின் பணப்பை மென்பொருள் ஒன்றைக் குறிவைத்த நிரல் அதனுடன் சேர்க்கப்பட்டது. இரண்டிலும் தாக்கப்பட்டது நிரலின் குறைபாடு அன்று. பராமரிப்பாளரின் சோர்வும், உதவி செய்ய வருபவர் மீது அவர் வைக்கும் நம்பிக்கையுமே ஆகும்.

படிப்பினைகள்

திறந்த மூல நிரலைப் பலரும் படிப்பதால் குறைகள் விரைவில் வெளிப்படும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. இந்நிகழ்வு அதன் இரு பக்கங்களையும் காட்டியது. யாரும் படிக்காத சோதனைக் கோப்புகளிலும், யாரும் ஒப்பிடாத வெளியீட்டுப் பொதியிலும் தீங்கு நிரல் ஒரு மாதத்துக்கு மேல் தங்கியிருந்தது. அதேவேளை, மூலநிரலும் வரலாறும் திறந்திருந்தமையாலேயே தற்செயலாக ஐயுற்ற ஒருவரால் அதன் அடிவரை செல்ல முடிந்தது.

இதைத் தொடர்ந்து முன்வைக்கப்பட்ட தொழில்நுட்பப் பரிந்துரைகளுள் முதன்மையானது, வெளியீட்டுப் பொதிகளைத் தவிர்த்துக் களஞ்சியத்திலிருந்தே மென்பொருளைக் கட்டுதல் அல்லது இரண்டும் ஒத்திருப்பதைத் தானியங்கியாகச் சரிபார்த்தல் ஆகும். தேவையற்ற நிரலக இணைப்புகளைக் குறைத்தலும் வலியுறுத்தப்பட்டது.

மனிதர் சார்ந்த சிக்கலுக்கு அத்தகைய எளிய தீர்வு இல்லை. திறந்த மூலத் திட்டங்களில் அறிமுகமற்றவரின் பங்களிப்பை ஏற்பது குறைபாடு அன்று. அவற்றின் வளர்ச்சியே அதனால் அமைந்தது. ஆனால் எண்ணற்ற வழங்கிகள் சார்ந்திருக்கும் ஒரு நிரலகத்தைத் தனியொருவர் ஊதியமின்றிப் பேணும்போது, ஓய்வு வேண்டும் அவருக்கு முதலில் கைகொடுப்பவர் தாக்குதலாளராகவும் இருக்கக்கூடும். அடிப்படை மென்பொருட்களின் பராமரிப்புக்கு நிதியும் ஆள்வலுவும் அளிப்பது அவற்றைப் பயன்படுத்தும் நிறுவனங்களின் பொறுப்பு என்ற கருத்து இந்நிகழ்வுக்குப் பின் வலுப்பெற்றது.

இவற்றையும் பார்க்கவும்

திறந்த மூல மென்பொருள்
கட்டற்ற மென்பொருள்
கிட்
லினக்ஸ் வழங்கல்
ஹார்ட்பிளீட்